பஞ்சத்துக்குக் கணக்குப் பார்க்கப் போய்...

திண்டுக்கல் சமவெளியிலிருந்து மேற்கே பார்த்தால் நீலமாகத் தெரிவது பழனி மலைத்தொடர். அதன் உச்சியில், கொடைக்கானலில், சூரியனைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அது அங்கே வந்ததற்குக் காரணம் பஞ்சம்!

1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்துப்போனார்கள். சூரியப் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருந்தால், மழை பொய்ப்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை அப்போது இருந்தது. 1899-ல் ஆய்வுக்கூடம் தொடங்கியது. மழைக் கணக்கு பலிக்கவில்லை. கிடைத்தது வேறு.

1908-ல் அமெரிக்காவின் ஹேல், புள்ளிகளில் பலமான காந்தப்புலம் இருப்பதைக் கண்டார். அவை சுழல்கள் என்பது அவர் எண்ணம். 1909 ஜனவரியில் கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட் அந்தச் சுழற்சியைத் தேடினார். நிறமாலைக் கோடுகள் நகர்ந்திருந்தன. ஆனால் வாயு சுற்றவில்லை, நடுவிலிருந்து வெளியே ஓடிக்கொண்டிருந்தது, நொடிக்குச் சுமார் 2 கி.மீ. வேகத்தில். இன்றும் அதன் பெயர் எவர்ஷெட் விளைவு. (இப்படி மின்னேற்றம் பெற்ற வாயுவுக்கு பிளாஸ்மா என்று பெயர் வந்ததே 1928-ல்தான்.)

பிறகு மனிதனுக்கு அந்தச் சூரியனையே பூமியில் செய்து பார்க்க ஆசை வந்தது. 1955-ல் ஜெனீவாவில் ஹோமி பாபா, அணுக்கரு இணைவை இருபது வருஷத்துக்குள் கட்டுப்படுத்திவிடுவோம் என்றார். நடக்கவில்லை. கோடிக்கணக்கான டிகிரி சூட்டை எந்தப் பாத்திரமும் தாங்காது. காந்தப்புலத்தால்தான் பூட்ட வேண்டும். திண்டுக்கல் பூட்டு மாதிரி அது சுலபத்தில் பூட்டாது! உள்ளே கொந்தளிப்பு எழுந்து, சின்னச் சின்னச் சுழிகள் வெப்பத்தை வெளியே கடத்திவிடும்.

1982-ல் ஜெர்மனியின் கார்ஷிங்கில், ஆஸ்டெக்ஸ் கருவியில், கொந்தளிப்பு திடீரென்று அடங்கி வெப்பம் இரண்டு மடங்கு நேரம் தங்கியது. ஃபிரிட்ஸ் வாக்னர் கண்டது இது. ஏன் என்பது மெதுவாகத்தான் புரிந்தது. விளிம்பில் பிளாஸ்மா ஓடுகிறது. பக்கத்துப் பக்கத்து அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் ஓடும்போது, நடுவில் மாட்டிய சுழி இழுபட்டுக் கிழிந்துபோகிறது. எல்லா ஓட்டமும் நல்லது செய்யும் என்றில்லை. வேக வித்தியாசம் அளவு மீறினால் அதுவே புதுக் கொந்தளிப்பைக் கிளப்பும்.

இந்தியாவின் முதல் டோகமாக் 'ஆதித்யா' 1989-ல் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சிக் கழகத்தில் இயங்கத் தொடங்கியது. அதன் விளிம்புக் கொந்தளிப்பு விட்டுவிட்டு வெடிப்பது என்று 1992-ல் அங்கிருந்து கட்டுரை வந்தது. 2016-ல் அது 'ஆதித்யா-யு' ஆனது. பிளாஸ்மா எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று அதில் அளக்க, கார்பன் அயனிகளின் நிறமாலைக் கோடு எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கிறார்கள். 1909-ல் கொடைக்கானலில் எவர்ஷெட் செய்ததும் இதே வேலைதான்.