மேஸ்திரியின் விரலும் தலையெழுத்தும்

காசிமேட்டுக் கரையில் நின்று தெற்கே நோக்குகிறோம். சென்னைத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வானை அளாவி நிற்கின்றன. அந்த மதிலுக்குள் ஒரு நாள் உழைக்க, இராயபுரத்துப் பாட்டாளியும் காசிமேட்டுப் பாட்டாளியும் ஒரு காலத்தில் என்ன விலை கொடுத்தார்கள்? உழைப்பு மட்டுமா? உழைக்கும் முன்பே மானத்தையும் அல்லவா கொடுத்தார்கள்!

துறைமுகம் எழுந்த கதை வீரக் கதைதான், மறுக்கவில்லை. அலையைக் கிழித்த மசூலாப் படகுகளின் காலம் போயிற்று. 1881ஆம் ஆண்டுப் புயல் கட்டிய சுவரைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் புதிய வாயில் அமைத்தார், புகழ் பெற்றார். கல்லை அடுக்கக் கணக்கு இருந்தது. கடலை அளக்கக் கருவி இருந்தது. மூட்டை சுமந்தவனை வேலைக்கு எடுக்க மட்டும் முறை ஏதும் இருக்கவில்லை. ஒரு மேஸ்திரியின் விரல் இருந்தது!

கப்பல் எந்நாள் வரும், எத்தனை வரும் என்பது உறுதியில்லை. சரக்கை ஏற்றி இறக்கும் ஒப்பந்தத்தை ஸ்டீவடோர் எடுப்பார். ஆள் பிடிப்பதை மேஸ்திரியிடம் விடுவார். விடியுமுன் வாயிலில் கூட்டம் நிற்கும். மேஸ்திரி வருவான்; விரல் நீட்டுவான். நீட்டப்பட்டவன் உள்ளே, மற்றவன் வீட்டுக்கு. எதைப் பார்த்து நீட்டினான்? தோள்வலிவையா, தொழில் திறமையையா? நேற்றுக் கூலியில் பங்கு தந்தவன் யார், வட்டிக்குக் கடன்பட்டவன் யார், தன் ஊரான் யார், தன் சாதியான் யார் என்று பார்த்து நீட்டினான்! உள்ளே போனவன் கதையாவது நன்றா? விலை கொடுத்து வேலை வாங்கியவன் எப்படி வாய் திறப்பான்? கயிறு நைந்திருக்கிறது என்று சொன்னால் நாளைக்கு விரல் நீளாது. மூட்டை மிகை என்று முனகினாலும் நீளாது. பக்கத்தில் நிற்பவன் தோழனாகத் தெரிவதில்லை, போட்டியாளனாகத் தெரிகிறான். வாயிலில் விதைத்த அச்சம் கப்பலின் அடித்தளம்வரை வேர்விட்டது.

வேலை கிட்டாமல் வெறுங்கையோடு திரும்பியவன் என்ன சொன்னான்? “என் தலையெழுத்து” என்றான்! விரல் நீட்டியவன் கண்ணெதிரே நின்றான். பழியோ கண்ணுக்குத் தெரியாத பிரமன்மேல் விழுந்தது. மேஸ்திரிக்கு இதைவிட மலிவான காவற்காரன் வேறு உண்டா?

இலண்டன் துறைமுகத் தொழிலாளர் இந்தத் தலையெழுத்தை 1889இல் அழிக்கப் புறப்பட்டார்கள். மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கொடு, அழைத்தால் நான்கு மணி நேர வேலையாவது கொடு என்று கேட்டுப் போராடினர். ஏறத்தாழ ஐந்து வாரத்தில் வென்றனர். பின்னர் 1909இல் பெவரிட்ஜ் என்ற அறிஞர், இந்த அவலம் எப்படி விளைகிறது என்பதை ஆராய்ந்து நூல் எழுதினார். அவர் வாதத்தை நம் கணக்கில் சொல்லிப் பார்ப்போம். பத்து வாயில்கள், வேலை மிகுந்த நாளில் ஒவ்வொன்றுக்கும் ஐம்பது பேர் தேவை. எல்லா வாயிலிலும் ஒரே நாளில் வேலை மிகுவதில்லை. ஆகவே மொத்தத்தில் முந்நூறு பேர் போதும். ஆனால் ஒவ்வொரு மேஸ்திரியும் தனக்கென்று ஐம்பது பேரைக் காக்க வைக்கிறான். இருநூறு பேர் நாள்தோறும் பட்டினி! எல்லா வாயிலுக்கும் ஒரே பதிவேடு வைத்தால் இந்தப் பட்டினிக் கூட்டம் கரையும். விதி செய்த வேலையா இது? கூட்டல் கழித்தல் தெரிந்தவன் தீர்க்கக்கூடிய வேலை!

இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி ஆணையம் 1931இல் அறிக்கை தந்தது. ஆலைகளில் ஆள் பிடிப்போர் வாங்கிய கையூட்டை அது கண்டித்தது. பெரிய துறைமுகங்களில் பதிவேடு வைத்து அன்றாடக்கூலி நிலையை ஒழிக்க வேண்டும் என்றது. அறிக்கை அலமாரியில் உறங்கிற்று. சட்டம் வந்ததோ 1948இல்! பதினேழு ஆண்டுகள், ஒரு துறைமுகத் தொழிலாளியின் தோள் தேய்ந்து முடிய அது போதாதா? அச்சட்டத்தின்படி 1950களின் தொடக்கத்தில் சென்னைக்கும் துறைமுகத் தொழிலாளர் வாரியம் வந்தது. அரசு, முதலாளி, தொழிலாளி மூவருக்கும் அதில் இடம். பதிவு பெற்றவனுக்கு முறை வைத்து வேலை. வந்து நின்றும் வேலை இல்லாத நாளுக்கும் ஒரு படி. சிறு தொகைதான். ஆனால் அதைக் கைநீட்டி வாங்கியவன் எவனுக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை!

குறையே இல்லை என்று கூறோம். பதிவேட்டுக்கு வெளியே நின்றவன் பழையபடி விரலைப் பார்த்தே நின்றான். 1983இல் சரக்குப் பெட்டக முனையம் வந்தது; நூறு தோள்களின் வேலையை ஒரு பாரந்தூக்கி செய்தது. பிரிட்டன் தன் பதிவுத் திட்டத்தை 1989இல் ஒழித்தது. இங்கே 1997ஆம் ஆண்டுச் சட்டம், வாரியங்களை உடன்பாட்டின் பேரில் துறைமுக நிர்வாகத்தோடு இணைக்க வழி செய்தது. பதிவு பெற்றோர் துறைமுக ஊழியராயினர். பதிவேடு என்ற ஏற்பாடு மறைந்தது.

இன்று காசிமேட்டு மீனவன் மகள் பொறியியல் பட்டம் பெற்று, நகரின் தென்கோடியில் கணிப்பொறி நிறுவனத்துக்கு வேலை தேடிப் போகிறாள். நிறுவனம் நேரே எடுப்பதில்லை. இடையில் ஓர் ஆள் தரும் முகவர். சில இடங்களில் பட்டச் சான்றிதழையே பிணையாக வாங்கி வைக்கிறார்கள். இரவு பத்து மணிக்கும் “முடியாது” என்று சொல்ல அவள் அஞ்சுகிறாள். அவள் பாட்டன் கயிறு நைந்ததைச் சொல்ல அஞ்சியவன். பாட்டனுக்காவது மேஸ்திரியின் முகம் தெரிந்திருந்தது.