பாரன் தீவு எரிமலை

அந்தமான் கடலில், போர்ட் பிளேருக்கு (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவில் இருக்கும் எரிமலைத் தீவு. இந்தியாவில் இன்றும் சீறிவரும் எரிமலை இது ஒன்றுதான். தீவின் விட்டம் சுமார் 3 கி.மீ.; குடியிருப்பு கிடையாது. கடலுக்கு மேல் தெரியும் உயரம் ஏறக்குறைய 350 மீட்டர். கடலடியிலிருந்து அளந்தால் இம்மலை 2,000 மீட்டரைத் தாண்டும்.

1787 மே மாதம் இவ்வழியே கப்பலில் சென்ற கோல்புரூக் என்பவர், தீவிலிருந்து புகை எழுவதைக் கண்டு எழுதிவைத்தார். ஆவணத்தில் பதிந்த முதல் சீற்றம் அதுதான். 1789இல் வந்த ஆர்ச்சிபால்டு பிளேர் இன்னும் நெருங்கிப் பார்த்தார். செந்தணலாகப் பழுத்த பாறைகள் வாயிலிருந்து மழையாக விழுந்தன. 3, 4 டன் எடை மதிக்கத்தக்க கற்கள்கூடக் கூம்பின் அடிவாரத்தைத் தாண்டிப் போய்க் கிடந்தன என்கிறது அவரது குறிப்பு. 1832 வரை விட்டுவிட்டுக் கனன்ற மலை பிறகு அடங்கியது. 1885இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் மேலட் தீவை விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஆனால் எரிமலை ஏன் இந்த இடத்தில் முளைத்தது என்ற கேள்விக்கு விடை சொல்லும் அறிவியல் அன்று பிறக்கவே இல்லை.

அந்த அறிவியலுக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் ஜப்பானிய நிலநடுக்க ஆய்வாளர் வதாதி. நிலநடுக்க மையங்கள் கடலோரத்திலிருந்து உள்நாட்டை நோக்கிச் சாய்வாக ஆழமாகிக்கொண்டே போவதை 1930களில் அவர் காட்டினார். கடலடிப் புவித்தட்டு ஒன்று அந்தச் சாய்வில் கீழே இறங்குகிறது என்பது 1960களில் தெளிவாயிற்று. அந்தமான் பகுதியில் அப்படி இறங்குவது இந்தியத் தட்டு. தமிழ்நாட்டைச் சுமந்திருக்கும் அதே தட்டின் கிழக்கு விளிம்பு, அந்தமானுக்கு மேற்கேயுள்ள அகழியில் பர்மா சிறுதட்டின் அடியில் நுழைகிறது.

தட்டுகள் உரசும் சூட்டில்தான் பாறை உருகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. காரணம் தண்ணீர். பல கோடி ஆண்டுகள் கடலில் ஊறிய தட்டு, தன் கனிமங்களுக்குள் நீரைப் பூட்டிவைத்துக்கொண்டுதான் இறங்குகிறது. ஏறத்தாழ 100 கி.மீ. ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் அந்த நீரைப் பிழிந்து மேலேயுள்ள கவசப் பாறைக்குள் அனுப்புகின்றன. உப்பு பட்ட பனிக்கட்டி குளிரிலேயே கரைவதுபோல, நீர் புகுந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். உருகிய குழம்பு அடர்த்தி குறைந்தது என்பதால் மேலேறுகிறது. எனவேதான் எரிமலை அகழியின்மேல் நிற்காமல் அதற்குக் கிழக்கே தள்ளி நிற்கிறது. மியான்மரின் போப்பா மலை, நார்கொண்டம், பாரன், சுமாத்ராவின் எரிமலைகள் என ஒரே வளைவு அமைந்ததும் இதனால்தான்.

1991இல் மலை மீண்டும் விழித்தது. லாவா மேற்குப் பக்கமாக வழிந்து கடலை எட்டியது. 1994-95இலும் சீறியது. 2004 டிசம்பர் 26 அன்று இதே தட்டு எல்லை சுமாத்ராவிலிருந்து அந்தமான் வரை 1,000 கி.மீ.க்கு மேல் பிளந்தபோதுதான் நாகப்பட்டினம் வரை ஆழிப்பேரலை வந்தது. 2005 மே மாதம் எரிமலை மறுபடி வெடித்தது. அந்த நிலநடுக்கமே அதைத் தூண்டியது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது.

2017 ஜனவரியில் கோவாவின் தேசியக் கடலாராய்ச்சி நிறுவனத்தார் கப்பலிலிருந்து பார்த்தபோது பகலில் சாம்பல் புகையும், இரவில் செந்நிற லாவாவும் தெரிந்தன. ஆனால் இதே வளைவில் வடக்கேயுள்ள நார்கொண்டம் வரலாற்றுக் காலத்தில் வெடித்ததாகப் பதிவு இல்லை.