பன்றி எருவும் அது விழும் நிலங்களும்

நினைவுச் சொற்பொழிவுக்குப் பன்றி எருவா என்று கேட்பவர்கள் மனுவின் மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டட்டும். பார்ப்பனர் உண்ணும்போது அவர்களைப் பார்க்கக் கூடாதவை என்று அங்கே ஒரு வரிசை உண்டு: சண்டாளர், ஊர்ப்பன்றி, சேவல், நாய், மாதவிலக்கான பெண் என்று அது நீளும். நம்மையும் பன்றியையும் ஒரே மூச்சில் சொன்ன நூல் அது. பசுவின் சாணம் வாசலுக்கும் பஞ்சகவ்வியத்துக்கும் போனது. பன்றியின் சாணமோ அதை வளர்த்தவரின் சாதியோடு சேர்த்துத் தள்ளி வைக்கப்பட்டது. இது மண் சொன்ன தீர்ப்பல்ல. மண் கேட்பது தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும்தான். மணிச்சத்தில் பன்றி எரு பொதுவாக மாட்டெருவை மிஞ்சும்.

சீனத்துக்குப் போவோம். வீடு, குடும்பம் என்று பொருள்படும் சீன எழுத்தைப் பிரித்தால் கூரைக்குக் கீழே ஒரு பன்றி நிற்கிறது. ஹான் அரசர் காலத்துக் கல்லறைகளில் சுடுமண் பொம்மைகள் கிடைத்துள்ளன. கீழே பன்றிப்பட்டி, மேலே கழிப்பறை. செத்தவருக்கும் இது தேவைப்படும் என்று கூடவே வைத்து அனுப்பியிருக்கிறார்கள்! கொரியாவின் ஜெஜு தீவில் இதே அமைப்பு இருபதாம் நூற்றாண்டு வரை இருந்தது. பட்டியில் போட்ட வைக்கோலைப் பன்றி மிதித்து மட்கச் செய்யும். அந்த எரு எரிமலை மண்ணில் வாற்கோதுமைக்குப் போகும். 1959இல் மாவோ பன்றியை ஒரு சிறிய உரத் தொழிற்சாலை என்றே வர்ணித்தார். அங்கும் சமத்துவம் விளைந்துவிடவில்லை. குத்தகை உழவர் சுமந்து கொட்டிய எருவின் பலனில் பாதியளவு நிலவுடைமையாளருக்குப் போன இடங்கள் உண்டு. ஆனால் எருவைத் தொட்டவர் என்பதற்காக அவரது பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தீட்டு என்று சொல்ல அங்கே ஒரு சாத்திரம் இல்லை.

அமெரிக்க மண்ணியலாளர் எஃப். எச். கிங் 1909இல் சீனம், கொரியா, ஜப்பான் நாடுகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய நூல் 1911இல் வந்தது. அதைப் படித்து உந்துதல் பெற்றவர்களில் ஒருவர் ஆல்பர்ட் ஹோவர்ட். அவர் இந்தூரில் உருவாக்கிய மட்குரமுறை மாட்டுத் தொழுவத்தை வைத்தே எழுந்தது. சீனத்துப் பாடம் வந்தது, சீனத்துப் பன்றி வரவில்லை.

கிங்கின் சொந்த நாட்டிலேயே கதை தலைகீழானது. நாம் அதிகம் பேச விரும்புவது வட கரோலினாவின் கிழக்குச் சமவெளியைப் பற்றி. 1980களின் இறுதியில் அந்த மாநிலத்தில் ஏறக்குறைய 25 லட்சம் பன்றிகள் இருந்தன. பத்தே ஆண்டுகளில் அது ஒரு கோடியை நெருங்கியது. டப்ளின், சாம்ப்சன் மாவட்டங்களில் கொட்டகைகள் நெருங்கி நின்றன. வைக்கோல் இல்லை, மட்குவதும் இல்லை. மலமும் மூத்திரமும் கழுவுநீரோடு திறந்த குட்டைகளுக்குப் போகும். குட்டை நிரம்பினால் பெரிய பீச்சுக்குழாய்களால் பக்கத்து வயலில் இறைப்பார்கள். அந்த வயல்களில் பெரும்பாலும் இருப்பது பெர்முடா புல்; நம் அருகம்புல்தான். பிள்ளையாருக்கு நாம் சாத்தும் புல் அங்கே பன்றி மூத்திரம் குடிக்க வைக்கப்பட்டிருக்கிறது. சொல்லிவிட்டுப் போவோம்.

மணற்பாங்கான மண், மேலாகவே நிற்கும் நிலத்தடி நீர். தழைச்சத்தைக் கணக்கிட்டு இறைத்தால் மணிச்சத்து தேவைக்கு மேல் மண்ணில் தேங்கும். தீவனத்தில் சேர்க்கும் செம்பும் துத்தநாகமும் கூடவே தங்கும். காற்றில் பறக்கும் சாரல் வீடுகளின் மேல் விழும். யாருடைய வீடுகள்? அடிமைத்தனம் ஒழிந்த பிறகு கறுப்பின மக்கள் பாடுபட்டு வாங்கித் தலைமுறைகளாகக் காத்துவந்த நிலங்களில் நிற்கும் வீடுகள் அவற்றில் பல. துணி உலர்த்த முடியாது, சன்னலைத் திறக்க முடியாது. ஊர்க்கோடியில் குப்பைமேட்டுக்கும் மயானத்துக்கும் பக்கத்தில் குடியிருக்க வைக்கப்பட்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பன்றிப் பண்ணைகள் ஏழைகளும் வெள்ளையர் அல்லாதவரும் வாழும் பகுதிகளிலேயே குவிந்திருப்பதைக் கணக்கிட்டுக் காட்டிய ஆய்வு 2000இல் வெளிவந்தது. எழுதியவர்களில் ஸ்டீவ் விங் பல்கலைக்கழக ஆய்வாளர்; கேரி கிராண்ட் டில்லரி என்ற ஊரின் கறுப்பினப் போராளி. பாதிக்கப்பட்டவர் தகவல் தருபவராக மட்டும் நிற்கவில்லை, ஆய்வாளராகப் பெயர் போட்டார்.

நெதர்லாந்திலும் நிலம் தாங்கும் அளவுக்கு மேல் பன்றி எரு குவிந்தது. அங்கே 1984 முதல் கட்டுப்பாடுகள் வந்தன. 1991இன் ஐரோப்பிய நைட்ரேட் ஆணை, பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளில் கால்நடை எருவழியாக ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ தழைச்சத்து என்று எல்லை வைத்தது. உழவர்கள் எதிர்த்தார்கள், விலக்குகள் கேட்டார்கள். ஆனாலும் எல்லை என்ற ஒன்று இருந்தது.

வட கரோலினாவில் 1995இல் ஒரு குட்டை உடைந்து சுமார் இரண்டரைக் கோடி காலன் கழிவு நியூ ஆற்றில் கலந்தது. 1999இல் ஃபிளாய்ட் புயல் வெள்ளம் பல குட்டைகளை மூழ்கடித்தது. 2018இல் மக்கள் தொடுத்த வழக்கில் நடுவர் குழு ஐந்து கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. மாநிலச் சட்டத்தின் உச்சவரம்பால் அது முப்பத்திரண்டரை லட்சமாகச் சுருங்கியது. இப்படிப்பட்ட வழக்குகளையே கடினமாக்கும் சட்டத்தை அதே ஆண்டில் மாநில சட்டமன்றம் நிறைவேற்றியது. புதிய குட்டைகளுக்கான தடை 2007இல் நிரந்தரமாக்கப்பட்டிருந்தது. ஏற்கெனவே இருந்த குட்டைகளை அது தொடவில்லை. அவற்றிலிருந்து எடுத்து அருகம்புல் வயல்களில் இறைப்பது தொடர்கிறது.