பாறசாலைக்கு எத்தனை இஞ்ச்?

போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அண்ணன் போன் பண்ணினான். மகள் திருவனந்தபுரத்தில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், லேப்டாப் வாங்க வேண்டும். "பதினஞ்சே முக்கால் இஞ்சோ என்னமோ சொல்லுதான் கடையில, அதையே எடுப்போம்டே. வெலயும் கொறவு, படமும் பெருசா தெரியும்" என்றான். (15.6 தான் அது.) பின்னாலிருந்து அவள் சத்தம்: "சித்தப்பா, அத சுமக்கப் போறது நானாக்கும்!"

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாறசாலையில் காலை ரயிலைப் பிடிக்கிறாள். நெய்யாற்றின்கரை வருவதற்குள் கை வைக்கக்கூட இடமிருக்காது. அங்கிருந்து தோளில் பையோடு நின்றுகொண்டேதான் பயணம். வாங்கப் போவது ஒரே ஒரு தடவை, நாலு வருஷம் ஓட வேண்டும். பணம் அனுப்புகிறவன், அதிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் என்பதால் தீர்ப்பு சொல்லும் பொறுப்பு என் தலையில். சரி, தீர்ப்புக்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை பார்த்துவிடுவோம். அண்ணனும் மகளும் போடும் இந்தச் சண்டை 1981-லேயே தொடங்கிவிட்டது. தொடங்கி வைத்தவர் கிட்டத்தட்ட நம்ம ஊர்க்காரர்!

ஆடம் ஆஸ்போர்ன் 1939-இல் பாங்காக்கில் பிறந்தவர். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் பக்தர். அதனால் மகனின் சின்ன வயசு திருவண்ணாமலையில் கழிந்தது. தமிழ் பேசி வளர்ந்த வெள்ளைக்காரப் பையன். பிறகு இங்கிலாந்து, அமெரிக்கா, கெமிக்கல் இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் புத்தகங்கள் என்று போய், 1981 ஏப்ரலில் 'ஆஸ்போர்ன் 1' என்ற பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். வியாபார ரீதியாக வெற்றி பெற்ற முதல் தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டர் என்று அதைத்தான் சொல்கிறார்கள். விலை 1,795 டாலர், மென்பொருள்கள் இலவசம். எடை சுமார் 11 கிலோ. தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். பேட்டரி கிடையாது, போகிற இடத்தில் பிளக் பாயின்ட் தேட வேண்டும்.

திரை 5 இஞ்ச்! இன்றைய செல்போனை விடச் சின்னது. ஏன் இவ்வளவு சின்னது? பெட்டி விமான சீட்டுக்கு அடியில் நுழைய வேண்டும் என்பது கணக்கு. அந்த அளவுக்குள் இரண்டு பிளாப்பி டிரைவை வைத்த பிறகு நடுவில் மிஞ்சிய இடத்துக்கு ஏற்ற பிக்சர் டியூப் அதுதான். வடிவமைத்தவர் லீ ஃபெல்சென்ஸ்டைன். வரிக்கு 80 எழுத்து தெரிய வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்தி இருந்ததிலிருந்து வந்த பழக்கம் அது. ஆஸ்போர்னின் திரையில் 52 எழுத்துதான் ஒரே நேரத்தில் தெரியும். மிச்சத்தைப் படிக்க வரியை இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியும் உச்சத்தில் மாதம் பத்தாயிரம் பெட்டி விற்றது.

கொஞ்ச நாளில் காம்பேக் வந்தது. திரை 9 இஞ்ச், 80 எழுத்தும் தெரியும், ஐபிஎம் மென்பொருளும் ஓடும். எடை 12 கிலோவைத் தாண்டியும் ஜனங்கள் அதற்குப் போனார்கள். ஆஸ்போர்ன் பதிலுக்கு 7 இஞ்ச் திரையோடு அடுத்த மாடல் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட, பழைய மாடலை வாங்க இருந்தவர்களும் நின்றுவிட்டார்கள் என்பார்கள். முழுக் காரணமும் அதுதானா என்பதில் சண்டை உண்டு. 1983 செப்டம்பரில் கம்பெனி திவால். ஆடம் 1992-இல் உடம்பு முடியாமல் இந்தியா திரும்பி, 2003-இல் கொடைக்கானலில் காலமானார். கொடைக்கானலுக்கு எத்தனை தடவை டூர் போயிருக்கிறோம், யாராவது இவரைப் பற்றிச் சொன்னார்களா?

திரைக்கு அடுத்து விரல் வந்து குறுக்கே நின்றது. வசதியாகத் தட்டச்சு செய்யும் கீபோர்டு ஏறக்குறைய 29 செ.மீ. அகலம் வேண்டும். 1995-இல் ஐபிஎம்மின் திங்க்பேட் 701-க்கு 10.4 இஞ்ச் திரை, பெட்டியின் அகலம் 25 செ.மீ.கூட இல்லை. மூடியைத் திறந்தால் கீபோர்டு இரண்டு துண்டாக நகர்ந்து, பட்டாம்பூச்சி மாதிரி பெட்டிக்கு வெளியே விரியும். அற்புதமான வேலைப்பாடு. ஆனால் ஒன்றிரண்டு வருஷத்தில் பெரிய திரைகள் வந்து பெட்டியே அகலமாகிவிட்டது. பட்டாம்பூச்சிக்கு வேலை போய், நியூயார்க் அருங்காட்சியகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

இதில் கடைக்காரர் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இஞ்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. பழைய 4:3 வடிவத்தில் 14 இஞ்ச் என்றால் சுமார் 28க்கு 21 செ.மீ. டிவி வடிவமான 16:9-இல் அதே 14 இஞ்ச் சுமார் 31க்கு 17½. பெயர் அதே பதினாலு, பரப்பு பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு! 2008-க்குப் பிறகு எல்லாரும் டிவி வடிவத்துக்கு மாறியதால், சினிமா பார்க்க நன்றாகவும் பாடம் படிக்க மோசமாகவும் ஆயிற்று. சமீப வருஷங்களில்தான் 16:10 என்று கொஞ்சம் உயரம் திரும்பக் கிடைக்கிறது.

இனி நம்ம எல்லைக்கு வருவோம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் சென்னை மாநிலத்துக்குப் போயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. பாறசாலையும் அதோடு நின்றது. அக்காவைக் கட்டிக்கொடுத்தது கோட்டுக்கு அந்தப் பக்கம், களியக்காவிளையில். ஆட்டோவில் பத்து நிமிஷம்.

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. திரை 14 இஞ்ச். அதே வருஷம் அக்டோபரில் மத்திய அரசு 'ஆகாஷ்' என்று 7 இஞ்ச் டேப்லெட்டை அறிமுகம் செய்தது. விலை மலிவு, பை பாரமில்லை, ஆனால் அதில் உட்கார்ந்து ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட் எழுத முடியுமா? தமிழ்நாட்டின் 14 இஞ்ச் முடிவு சரியானது என்பதே என் கட்சி. பிளஸ் டூ படித்த அக்கா மகனுக்கும் ஒன்று வந்தது. கேரளா வேறு வழியில் போனது. 2018-இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தில் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜக்டரும் வைத்தார்கள். அங்கே பெட்டி பிள்ளைக்கு, இங்கே பெட்டி வகுப்புக்கு. எங்கள் அண்ணன் மகள் பள்ளியில் பார்த்த திரை சுவரளவு பெரியது, ஆனால் வீட்டுக்குக் கொண்டுவர முடியாதது.

அத்தானுக்குக் கிடைத்த அந்தப் பழைய பெட்டி இன்னமும் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதை வாங்கி, சார்ஜரும் சேர்த்து இரண்டு நாள் ரயிலில் சுமந்து பார்க்கச் சொன்னேன். சமையலறைத் தராசில் 2.6 கிலோ வந்ததாம். புதன்கிழமை ராத்திரி அவளே கூப்பிட்டாள்.

"அளவு கொழப்பமில்ல சித்தப்பா, பைக்குள்ள சரியா இருக்கு. டிபன் பாக்ஸும் கொள்ளுது. வெயிட்டுதான் தோள இழுக்கு."

இன்றைய 14 இஞ்ச் ஒன்றே கால், ஒன்றரை கிலோவுக்குக் கிடைக்கிறது. 15.6-இல் இன்னும் கால் கிலோ கூடும், அகலம் மூன்றரை செ.மீ. கூடும், பையின் ஜிப்புக்கும் பிரச்சனை. அண்ணனுக்கு நான் விளக்கியது இதுதான்: இரண்டு பெட்டியிலும் புள்ளிகள் 1920க்கு 1080 என்றால், பெரிய திரையில் எழுத்து பெரிதாகத் தெரியும், ஒரு வரிகூட அதிகமாகத் தெரியாது. போதாததற்கு வலப்பக்கம் எண் விசைகளை வைத்து, தட்டச்சு செய்யும் கையை இடப்பக்கம் தள்ளிவிடுவார்கள். கண்ணுக்குக் கஷ்டமான முதியவருக்கு, மேஜையை விட்டு நகராத பெட்டிக்கு 15.6 எடுக்கலாம். ரயிலில் போகிறவளுக்கு 14, அதுவும் 16:10 கிடைத்தால் அது.

"அப்போ படம் பாக்கதுக்கு?" என்றான் அண்ணன், விடாமல்.

ஹெச்டிஎம்ஐ கேபிள் ஒன்று வாங்கி ஹால் டிவியில் மாட்டச் சொன்னேன். ஸ்கூலில் புரொஜக்டருக்குக் கொடுப்பது மாதிரிதான் என்று மகள் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தாள்.

"செரி, அந்தக் கேபிளுக்கும் சேத்து அனுப்பிரு" என்று போனை வைத்துவிட்டான்.