சாலை விபத்துக்குப் பின்: மருத்துவக் கட்டணமும் காப்பீட்டுக் கோரிக்கையும்

திருப்பரங்குன்றம், பசுமலை, திருநகர் பகுதிச் சாலைகளிலோ, தோப்பூர், கப்பலூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-இலோ விபத்தில் காயமடைந்தவரின் செலவை ஏற்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, அரசின் இலவசச் சிகிச்சைத் திட்டங்கள். இரண்டாவது, உங்கள் மருத்துவக் காப்பீடு. மூன்றாவது, மோதிய வாகனத்தின் காப்பீடு. இவை ஒவ்வொன்றுக்கும் வேறு அலுவலகம், வேறு ஆவணம், வேறு காலவரம்பு உண்டு. மூன்றுக்கும் அடிப்படையான பதிவுகள் முதல் இரண்டு நாள்களிலேயே உருவாகின்றன. எனவே, நோயாளியுடன் இருப்பவர் கீழ்க்கண்டவற்றை அறிந்திருத்தல் அவசியம்.

முதல் 48 மணி நேரம்

108 அவசர ஊர்தி சேவை இலவசமானது. அவசர நிலையில் வரும் நோயாளிக்கு, காவல்துறை நடைமுறைகளுக்காகக் காத்திராமல், முதலில் உயிர்காக்கும் சிகிச்சை அளிக்க வேண்டும் என 1989-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. காயமடைந்தவரை அழைத்து வந்த வழிப்போக்கருக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது.

தமிழ்நாடு அரசின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 18.12.2021 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளானவர் எம்மாநிலத்தவராயினும், காப்பீட்டு அட்டை இல்லாதவராயினும், திட்டத்தில் இணைந்த அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்திற்குக் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். சேர்க்கையின்போதே, "இம்மருத்துவமனை இத்திட்டத்தில் உள்ளதா?" எனக் கேளுங்கள்.

மத்திய அரசு 2025 மே மாதம் அறிவிக்கை செய்த திட்டத்தின்படி, விபத்து நாளிலிருந்து 7 நாள்கள் வரை, ஒருவருக்கு ரூ.1.5 லட்சம் வரை பணமில்லாச் சிகிச்சைக்கு இடமுண்டு. இதனையும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டறியுங்கள்.

48 மணி நேரத்திற்குப் பின்

ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ்ச் சிகிச்சையைத் தொடரலாம். குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. கட்டணமில்லா உதவி எண்: 1800 425 3993. அட்டை இல்லாதவர்கள், மருத்துவர் அனுமதித்தால், மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைக்கு மாற்றக் கோரலாம். தனியார் மருத்துவமனையிலேயே தொடர விரும்பினால், மதிப்பீட்டுச் செலவை எழுத்து வடிவில் பெற்ற பின்னரே ஒப்புதல் கையெழுத்திடுங்கள்.

தனியார் மருத்துவக் காப்பீடு இருப்பின், சேர்க்கை விவரத்தை உடனே நிறுவனத்திற்குத் தெரிவியுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கையின்படி, பணமில்லாச் சிகிச்சைக் கோரிக்கை மீது 1 மணி நேரத்திலும், வீடு திரும்பும்போது இறுதி ஒப்புதல் மீது 3 மணி நேரத்திலும் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும்.

விபத்துப் பதிவேட்டில் கவனம்

அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேடு பின்னாளில் முதன்மைச் சான்றாகிறது. பதற்றத்தில் உடன் வந்தவர் "வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்" என்று மட்டும் கூறினால், அவ்வாறே பதிவாகும். கார் மோதியதை மறுக்க அந்த ஒரு வரியே எதிர்த்தரப்புக்கு ஆதாரமாகலாம். ஆகவே, எந்த வாகனம், எந்த இடத்தில், எந்த நேரத்தில் மோதியது என்பதை அறிந்த அளவில் உள்ளபடியே கூறுங்கள். அறியாததை ஊகித்துக் கூற வேண்டாம்.

கீழ்க்கண்டவற்றை ஒரே கோப்பில் பாதுகாத்து வைத்துக்கொள்ளுங்கள்:

1. முதல் தகவல் அறிக்கை நகல். பாதிக்கப்பட்டவருக்கு இது இலவசமாக வழங்கப்பட வேண்டும்.
2. விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ்.
3. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் மற்றும் எக்ஸ்ரே படங்கள், அவற்றின் அறிக்கைகள்.
4. தேதியும் முத்திரையும் உள்ள அனைத்து ரசீதுகள், அவற்றுக்குரிய மருந்துச் சீட்டுகள்.
5. ஆட்டோ, வாடகைக் கார், பராமரிப்பாளர் செலவுக் குறிப்புகள்.
6. ஊதியச் சான்று அல்லது தொழில் வருமானத்திற்கான ஆதாரம், விடுப்பு விவரம்.

அசல் ரசீதுகளைக் காப்பீட்டு நிறுவனம் பெற்றுக்கொண்டால், சான்றொப்பமிட்ட நகலையும், எவ்வளவு தொகை வழங்கப்பட்டது என்ற கடிதத்தையும் கேட்டுப் பெறுங்கள்.

மோதிய வாகனத்தின் காப்பீடு

உங்கள் சிகிச்சைச் செலவு, வருமான இழப்பு, வேதனை, நிரந்தர ஊனம், எதிர்காலச் சிகிச்சை ஆகியவற்றிற்கான இழப்பீட்டை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கோரலாம். விபத்து நடந்த இடத்திலோ நீங்கள் வசிக்கும் இடத்திலோ மனுச் செய்யலாம். எனவே, வெளி மாவட்டத்தில் விபத்து நிகழ்ந்திருப்பினும் மதுரைவாசிகள் மதுரையிலேயே மனுச் செய்ய இயலும். சட்டம் குறிக்கும் காலவரம்பு 6 மாதங்கள். அது கடந்துவிட்டால் நீங்களே கைவிட்டுவிடாமல், சட்ட ஆலோசனை பெறுங்கள்.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, காவல்துறை 48 மணி நேரத்திற்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாள்களுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்திற்கு அனுப்ப வேண்டும். அவை அனுப்பப்பட்டனவா என விசாரணை அலுவலரிடம் கேட்டறியுங்கள்.

164-ஆம் பிரிவின் கீழ், எவர் தவறு என்று மெய்ப்பிக்காமலே, மரணத்திற்கு ரூ.5 லட்சமும் கொடுங்காயத்திற்கு ரூ.2.5 லட்சமும் கோரலாம். ஆனால், இத்தொகையை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் உள்ள உங்கள் மனு முடிவுக்கு வந்துவிடும். நீண்டகாலச் சிகிச்சை தேவைப்படுவோர் இதனை நன்கு ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும்.

மோதிய வாகனம் நிற்காமல் சென்று, அடையாளம் தெரியாவிட்டாலும் இழப்பீடு உண்டு. மரணத்திற்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்திற்கு ரூ.50,000 எனச் சட்டம் நிர்ணயித்துள்ளது. கிரிவலம் செல்லும்போதும் பாதயாத்திரையின்போதும் அடிபட்டவர்களுக்கும் இது பொருந்தும். இம்மனுவைத் தீர்ப்பாயத்தில் அளிக்க வேண்டியதில்லை. விபத்து நடந்த பகுதியின் வருவாய்க் கோட்ட அல்லது வட்ட அளவிலான கோரிக்கை விசாரணை அலுவலரிடம் அளிக்க வேண்டும்.

காரை ஓட்டிய உரிமையாளரே தவறு செய்திருந்தால், மூன்றாம் நபர் காப்பீடு அவருக்கு உதவாது. அவருக்குரிய ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு மரணத்திற்கும் நிரந்தர ஊனத்திற்கும் உரியது. மருத்துவமனைக் கட்டணத்திற்கு உரியதன்று.

அவசரச் சமரசம் வேண்டாம்

விபத்து நடந்த அன்றே, "ஆஸ்பத்திரிச் செலவைத் தந்துவிடுகிறோம், புகார் வேண்டாம்" எனச் சிலர் பேச முன்வருவதுண்டு. எலும்பு முறிவிற்கு மறு அறுவை சிகிச்சை தேவையா, தலைக்காயத்தின் பின்விளைவு எத்தகையது என்பன அன்றைக்கே தெரிவதில்லை. காவல் பதிவின்றிச் சிறு தொகை பெற்றுக் கையெழுத்திட்டால், பின்னர் வரும் செலவிற்குக் கோரிக்கை எழுப்புவது கடினமாகும். வெற்றுத்தாளில் எக்காரணம் கொண்டும் கையெழுத்திட வேண்டாம்.

கோரிக்கை மறுக்கப்பட்டால்

மறுப்பிற்கான காரணத்தை எழுத்து வடிவில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவிற்கு எழுதுங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஒழுங்குமுறை ஆணையத்தின் உதவி எண்: 155255.

தீர்ப்பாய மனுவிற்கு வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதோர் மதுரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி வழங்கப்படுகிறது. உதவி எண்: 15100.