காவற் பரண்: கல்முனைக் கரையோர வேளாண்மை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கிழக்கிலங்கையிலே நெற்பயிரையே 'வேளாண்மை' என வழங்குவர். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய முஸ்லிம் ஊர்கள் கடலோர மணற்பரப்பில் நெருங்கியிருக்க, அவ்வூரவரின் வயல்வட்டைகள் மேற்கே பரந்து காட்டெல்லையைத் தொடுவன. வீடு கிழக்கிலும் விளைச்சல் மேற்கிலுமாக அமைந்த இவ்வாழ்க்கையின் விளைபொருளே காவற் பரண். வரலாற்று நூல்கள் குளத்தையும் அணைக்கட்டையும் விதந்து கூறும், பரணைக் கூறுவதில்லை. அக்குறையை ஓரளவு நிரப்புதலே எமது நோக்கமாகும்.

மரத்தின்மேற் பரணமைத்தல் தமிழ் மரபிற் பழமை வாய்ந்தது. சங்க நூல்கள் இதணம், கழுது முதலிய பெயர்களால் இதனைச் சுட்டும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலே, மரமிசை அமைந்த இதணத்தில் ஏறித் தலைவியும் தோழியும் தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளால் தினைப்புனம் காக்கின்றனர். வில்லேந்திய தலைவனோ நாய்களோடு நிலத்தில் நடந்து வருகின்றான். வில் நிலத்திலும் காவல் மரத்திலுமாக நிற்கும் இவ்வேறுபாடு ஆழ்ந்து நோக்கற்பாலது.

எமது பிரதேசத்திலும் இதனையொத்த நிலையே காணப்படுகின்றது. 1681 இல் நூல் வெளியிட்ட றொபேட் நொக்ஸ், வேடர் இரவிலே கொல்லனது பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவத்தை இலையில் வெட்டி வைத்துச் செல்வர் என்கிறார். 1911 இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் ஆய்வு காட்டும் வேடனும் பதுங்கி நடந்து, இரையை மிக அணுகிய பின்னரே எய்பவன். யானை பிடிப்பதிற் பெயர்பெற்ற முஸ்லிம் பணிக்கர்களும் தோற்கயிற்றுச் சுருக்கோடு யானையின் பின்னங்காலைத் தொடர்ந்தவர்களே என்பது எமர்சன் ரெனன்றின் எழுத்துக்களாற் பெறப்படும். எனவே, இங்கு பரண் பெரிதும் வேடனின் கருவியன்று, உழவனின் கருவி எனலாம்.

இரண்டினதும் தொழின்முறை முரண்பட்டது. மரத்திலிருந்து எய்ய விரும்பும் வில்லாளன் காற்றின் திசையறிந்து, தன் வாடை விலங்கை எட்டாதவாறு மறைந்து, அசைவின்றி இருத்தல் வேண்டும். காவலாளியோ தன்னை வெளிப்படுத்துதல் வேண்டும். தீயும் கூக்குரலும் தகர ஓசையுமே அவன் படைக்கலங்கள். ஆயினும் பாதுகாப்பு விதிகள் இருவர்க்கும் பொதுவானவை. உளுத்த மரமும் பட்ட கிளையும் ஆகா. யானை முட்டிச் சாய்க்கவியலாத பருமனும், துதிக்கை எட்டாத உயரமும் வேண்டும். ஏறும்போது கைகள் வெறுமையாயிருக்க, விளக்கும் கவணும் பின்னர் கயிற்றால் ஏற்றப்படல் வேண்டும். தூக்கமே பெரும்பகை, ஆதலின் தட்டைச் சுற்றிக் கம்புகளை வரிந்து கட்டுதல் அவசியம். மழைக்காலத்திற் கட்டுகள் தளர்வதால் அவற்றை அடிக்கடி சோதித்தலும் வேண்டும்.

இனி, பரணில் இருந்தவர் யார் என்னும் வினா எழுகின்றது. நிலம் போடியாருக்குரியது, விளைவிப்பு முல்லைக்காரனின் பொறுப்பு, பனியிலும் இருளிலும் விழித்திருந்தவரோ பெரும்பாலும் நிலமற்ற உழைப்பாளர். அறுவடை பொய்த்தால் போடியார் இலாபத்தை இழப்பார். காவலாளி கால் தவறினால் உயிரையே இழப்பான். இப்பிரதேசத்து நாட்டார் கவிகளிற் பல இத்தகைய இரவுகளிற் பிறந்தவை. பரணுக்குப் பரண் குரல் கொடுத்துப் பாடியது இன்பத்துக்காக மட்டுமன்று. தூங்காதிருப்பதற்கும், அடுத்தவன் உயிரோடிருக்கிறான் என்று அறிவதற்குமாம். கவிகளைக் காதற் பாடல்களாக மட்டுமே நோக்கும் ஆய்வாளர் இவ்வுழைப்புச் சூழலை மறந்துவிடுகின்றனர்.

யானையைப் பகையாக்கியதில் அரசுக்கும் பங்குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யானை கொல்வோர்க்குப் பிரித்தானிய ஆட்சி சன்மானம் வழங்கியது. 1848 க்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 க்கு மேற்பட்டவை கொல்லப்பட்டதாக ரெனன்ற் எழுதுகிறார். பின்னர் 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டம் பாதுகாப்பைப் பேசியது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை மறித்து, காட்டை வயலும் குடியேற்றமுமாக்கியது. 1954 இல் ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர் தேசியப் பூங்காவாயிற்று. ஆனால் வரைபடத்து எல்லையை யானை அறியாது. அதன் பழைய வழிகள் புதிய வயல்களுக்குள் அகப்பட்டன.

1983 முதல் 2009 வரையிலான போர்க்காலத்தில் இரவுக்காவலே உயிராபத்தாயிற்று. முஸ்லிம் விவசாயிகள் பலர் தம் மேற்கு வயல்களுக்குச் செல்லவும் இயலாதிருந்தனர். போர் முடிந்தபின் மின்வேலிகள் பெருகின, மோதல் குறையவில்லை. 2023 இல் இலங்கையில் 480 க்கு மேற்பட்ட யானைகளும் 180 க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டிலே குப்பைமேட்டின் பிளாத்திக்கை உண்டு யானைகள் இறந்த செய்தி 2022 இல் உலகெங்கும் பரவியது.

பரண் மரத்தாலும் கொடியாலும் ஆயது. தொல்லியலாளர்க்கு எச்சம் எதனையும் விட்டுவைக்காது. அதன் சான்று, பரணில் இருந்தவரின் நினைவு ஒன்றே. ஊர்தோறும் முதிய காவலாளரின் சொற்களையும் கவிகளையும் பதிந்து வைத்தல் எமது தலைமுறையின் கடன். நெல்லின் வரலாறு அதை உண்டவர் வரலாறாக மட்டுமன்றி, அதற்காக விழித்திருந்தவர் வரலாறாகவும் எழுதப்படுதல் வேண்டும்.