வாக்குமூலத்தின் விலை

காவல் துறையின் அன்றாட வேலையை எது மாற்றும் என்ற கேள்விக்குச் சென்னை மாகாணத்தின் வரலாற்றில் தெளிவான விடை இருக்கிறது. இங்கே நடந்த சித்திரவதைகள் பற்றி 1854இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தது. அதன்பின் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணைக் குழுவை மாகாண அரசு அமைத்தது. அக்குழுவின் அறிக்கை 1855இல் வந்தது. விரல்களை நசுக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் போன்றவை எங்கோ ஓரிடத்தில் நடந்த அத்துமீறல்கள் என்று தள்ள முடியாதபடி மாகாணமெங்கும் பரவியிருந்ததை அது ஒப்புக்கொண்டது. வெள்ளை அதிகாரிகள்மீது பழி விழாமல் பார்த்துக்கொண்ட அறிக்கைதான் அது; அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் நோயின் வேரை அது சரியாகவே தொட்டது. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி, வரி வசூலிக்கும் தாசில்தாரையே தாலுகாவின் போலீஸ் தலைவராகவும் ஆக்கியிருந்தது. நிலவரி பாக்கி வைத்த குடியானவனும் திருட்டுப் பழி சுமந்தவனும் ஒரே கச்சேரியில், அதே சேவகர்களின் கையில் சிக்கினார்கள். முன்னவனிடமிருந்து பணம் வர வேண்டும், பின்னவனிடமிருந்து ஒப்புதல் வர வேண்டும். இரண்டுக்கும் அடிதான் குறுக்குவழி.

இதற்குக் கிடைத்த பரிகாரங்கள் இரு வகை. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் வருவாய்த் துறையிலிருந்து போலீசைப் பிரித்துத் தனி அமைப்பாக்கியது. தமிழ்நாட்டின் மாவட்டக் காவல் துறைக்கு இன்றும் அடிப்படை அந்தச் சட்டம்தான். 1861இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் வேறொரு வழியில் போனது. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் வழக்கில் செல்லாது என்றது. அந்த விதி 1872இல் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25, 26ஆம் பிரிவுகளாக நிலைபெற்றது. முதல் சட்டம் யார் போலீஸ் என்பதை மாற்றியது. இரண்டாவது, அடித்தால் போலீசுக்குக் கிடைக்கும் ஆதாயத்தையே பறித்தது. நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் அதன்பின் செய்தவற்றையெல்லாம் இந்த வேறுபாட்டை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் வாதம். ‘அடிக்காதே’ என்ற கட்டளையைவிட, ‘அடித்து வாங்கியது உனக்கு உதவாது’ என்ற விதிதான் காவல் நிலையத்துக்குள் எட்டுகிறது.

ஆனால் அந்த விதியிலேயே ஒரு கதவு திறந்து கிடக்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் சாட்சியமாகும் என்கிறது 27ஆம் பிரிவு. போலீஸ் வட்டாரத்தில் இதற்குப் பெயர் ‘ரெக்கவரி’. தமிழ்நாட்டின் திருட்டு, கொலை வழக்குக் கட்டுகள் பலவற்றில் இதன் தடத்தைப் பார்க்கலாம். முழு வாக்குமூலத்தை எழுதி, அதில் ‘ஏற்கத்தக்க பகுதி’யைத் தனியே குறியீடு செய்து, கைப்பற்றுதல் மகஜரில் கிராம நிர்வாக அலுவலரைச் சாட்சியாகக் கையெழுத்திட வைப்பார்கள். குற்றவாளி அதே வி.ஏ.ஓ.விடம் தானாகவே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லும் வழக்குகளும் ஏராளம். வி.ஏ.ஓ. போலீஸ் அல்லவே, அதனால் 25ஆம் பிரிவு தடுக்காது. இந்தக் கதவை ஒடுக்கியதும் சென்னை மாகாணத்திலிருந்து போன ஒரு வழக்குதான். அதில், கண்டெடுத்த ஆயுதத்தால்தான் குத்தினேன் என்று அந்த நபர் சொன்னது செல்லாது. பொருள் இருந்த இடமும் அது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதும் மட்டுமே செல்லும் என்று பிரிவி கவுன்சில் தீர்த்தது. புலுக்குரி கோட்டயா வழக்கு என்று 1947 முதல் மேற்கோள் காட்டப்பட்டுவரும் தீர்ப்பு அது. 1961இல் காத்தி காலு ஓகாட் வழக்கில் உச்ச நீதிமன்றம், வற்புறுத்திப் பெற்ற தகவலுக்கு அரசியல் சாசனத்தின் 20(3)ஆம் பிரிவு காப்பளிக்கும் என்றும் சொன்னது. நல்ல தீர்ப்புகள்தாம். ஆனால் வற்புறுத்தல் நடந்ததை மூடிய அறைக்குள் தனியாக இருந்தவர் எப்படிக் காட்டுவார்?

நீதிமன்றம் கட்டளையிட்ட இன்னொரு மரபும் உண்டு. 1996ஆம் ஆண்டின் டி.கே. பாசு தீர்ப்பு 11 நெறிகளை வகுத்தது. பெயர்ப்பட்டை அணிதல், சாட்சிக் கையெழுத்தோடு கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்று அந்தப் பட்டியல் போகிறது. அதில் சில பின்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள்ளேயே வந்தன. கைதானவர் எங்கே என்று குடும்பம் கேட்கும் உரிமையை இத்தீர்ப்பு சட்டமாக்கியது. அதைச் சிறிதென்று சொல்ல மாட்டேன். ஆனால் நெறிகளை மீறிப் பெற்ற சாட்சியம் தானாகவே விழுந்துவிடும் என்ற விளைவு அதில் இல்லை. காகிதத்தை ஒழுங்காக நிரப்பினால் போதும் என்றாகிவிட்டது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, நிலையத்தில் கேமராக்கள் இருந்தன. பதிவு நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டார். அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் காக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பதிவு இல்லையென்றால் வழக்குக்கு என்ன கேடு என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

25ஆம் பிரிவே ஆங்கிலேயன் நம் காவலர்மீது கொண்ட அவநம்பிக்கை, சுதந்திர நாட்டில் அது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2003இல் மளிமத் குழு, எஸ்.பி. நிலை அதிகாரி பதிவு செய்யும் ஒப்புதலை ஏற்கலாம் என்று பரிந்துரைத்தது. அதை நாம் பயங்கரவாதத் தடுப்புக்கான தடா சட்டத்தின் கீழ் ஏற்கெனவே செய்து பார்த்தோம். ராஜீவ் காந்தி கொலை வழக்கு பெருமளவு அத்தகைய வாக்குமூலங்களின் மேல் நின்றது. 1998இல் 26 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது; அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. தான் வாங்கித் தந்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவ்வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக, பதிவு செய்த அதிகாரியே 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளன் விடுதலையானது 2022இல். பதவியின் உயரம் வாக்குமூலத்தை உண்மையாக்கிவிடாது.

27ஆம் பிரிவை எடுத்துவிட்டால் திருட்டு நகையை எப்படி மீட்பது என்ற கேள்வி இன்னும் நியாயமானது. நகையை மீட்க யாரும் தடை கேட்கவில்லை. வழக்கறிஞர் உடனிருந்து, இடைவெளியற்ற ஒளிப்பதிவோடு சொல்லப்பட்ட தகவல் மட்டுமே சாட்சியமாகட்டும் என்பதே கோரிக்கை. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், காணாமல் போன நகை பற்றிய விசாரணையில் கோயில் காவலாளி ஒருவர் இறந்ததை நினைத்தால், இந்த ‘மீட்பு’ எதை விலையாகக் கேட்கிறது என்பது விளங்கும். எல்லா அடியும் சாட்சியத்துக்காக விழுவதில்லை என்பதும் மெய்யே. சாத்தான்குளத்தில் நிரூபிக்க வேண்டிய பெரிய குற்றம் எதுவும் இருக்கவில்லை; அங்கே பேசியது அதிகாரத் திமிர். அதற்குச் சாட்சிய விதி மருந்தாகாது, சுதந்திரமான புகார் அமைப்புதான் வேண்டும். 2006ஆம் ஆண்டின் பிரகாஷ் சிங் தீர்ப்பு அதைத்தான் கேட்டது: மாநில அளவில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை ஏற்க வேண்டும். தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுக் காவல் சீர்திருத்தச் சட்டமோ உள்துறைச் செயலரைத் தலைவராக்கி, டி.ஜி.பி.யை உறுப்பினராக்கியது. மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். வருவாயையும் போலீசையும் பிரிக்க 1859இல் ஒரு சட்டம் போட்டோம். குடிமக்களின் புகாரைக் கேட்க இருவரையும் ஒரே மேசையில் மறுபடி உட்கார்த்தினோம்.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதினியம் பழைய மூன்று பிரிவுகளையும் 23ஆம் பிரிவில் சேர்த்துவைத்தது. ரெக்கவரிக் கதவு அதே அகலத்தில் திறந்திருக்கிறது. காவல் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, சாட்சியச் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தமிழக சட்டமன்றம் அப்பிரிவைத் திருத்தலாம். புகார் ஆணையத்துக்கு நீதிபதியைத் தலைவராக்க அந்த ஒப்புதல்கூடத் தேவையில்லை. இரண்டையும் சட்டமன்றம் செய்ய வேண்டும். வாக்குக் கேட்டு வருபவர்களிடம் நாம் இதைக் கேட்க வேண்டும்.